ஸ்வீடன் வந்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு: கத்தி இங்கே வாங்குங்கள், உறை ஊரில் தைத்துக்கொள்ளுங்கள்

வீடு, வங்கிக் கணக்கு, குளிர்ச்சட்டை எல்லாம் ஒருவழியாக முடிந்த பிறகு நம் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது கத்தி பற்றி. ஆகஸ்ட் மாதம் கூட வேலை செய்பவர்கள் காட்டுக்குப் பழம் பறிக்கக் கூப்பிடுகிறார்கள். போனால் ஆளுக்கொரு சின்னக் கத்தி இடுப்பில் தொங்குகிறது. நாமும் வாங்கலாமா, எதை வாங்குவது, போலீஸ் பிடிக்குமா என்று கேள்விகள் வருகின்றன. நான் கோதன்பர்க் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வளர்ந்தது சத்துவாச்சாரி, அம்மா பிறந்த வீடு பேரணாம்பட்டு. இத்தனை வருஷம் கத்தியைப் புழங்கியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இது தெரியாமல் கத்தியைத் தொடவே வேண்டாம். ஸ்வீடனில் 1988-ல் ஒரு சட்டம் வந்தது. பொது இடத்திலும், பள்ளி வளாகத்திலும், பொது இடத்தில் நிற்கும் வண்டிக்குள்ளும் தகுந்த காரணமில்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது. காட்டுக்குப் போவது, மீன் பிடிப்பது, தச்சு வேலை எல்லாம் தகுந்த காரணம்தான். ஆனால் அந்த வேலை முடிந்ததும் காரணமும் முடிந்தது. நான் வந்த இரண்டாம் வருஷம் காளான் பறித்துவிட்டு, இடுப்பில் கத்தியோடு அப்படியே ஒரு மளிகைக் கடைக்குள் போய்விட்டேன். காவலாளி நிறுத்தினார். கூடையிலிருந்த காளானைக் காட்டி விளக்கினேன், விட்டுவிட்டார். அன்று கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து காட்டை விட்டு வெளியே வரும்போதே கத்தியை உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்துவிடுவேன். வீட்டுக்குப் போனதும் எடுத்து அலமாரிக்குள். காரிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் பள்ளிப் பையில் மறந்தும் இருக்கக் கூடாது.

பின்லாந்து, நார்வே, டென்மார்க் போனவர்களும் காரணமில்லாமல் எடுத்துப் போக முடியாது. அந்தந்த நாட்டுப் போலீஸின் இணையப் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே காரணம் கேட்காமல் விடுவது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான். நான் சொல்லப்போகும் மடங்காத கத்தி எதுவும் அதில் வராது.

சரி, எதை வாங்குவது? மோரா. ஸ்வீடனின் நடுவில் தாலர்னா பகுதியில் இருக்கும் ஊரின் பெயர் அது. அதை ஒட்டிய ஓஸ்ட்நூர் என்ற சிற்றூரில் தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்கிறார்கள். பேரணாம்பட்டில் எந்த வீட்டில் கேட்டாலும் தோல் வேலை தெரிந்த ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1891-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே மரம் இழுக்கும் சறுக்கு வண்டி செய்யும் பட்டறை போட்டார். கூடவே கத்தியும் செய்தார். 1912-ல் இன்னொரு பட்டறை வந்தது. இரண்டும் பின்னால் ஒன்றாகி, இப்போது மோராக்னிவ் என்ற பெயரில் விற்கிறது.

அதில் 'கம்பேனியன்' என்ற வகையை வாங்குங்கள். அலகு சுமார் 10 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. கனம். ரப்பர் பிடி ஈரக் கையிலும் வழுக்காது, விரல் கூரின் மேல் சறுக்காமல் ஒரு சின்னத் தடுப்பும் உண்டு. நான் வாங்கியபோது 200 குரோனாவுக்குள் முடிந்தது. கருவிக் கடையிலும் மீன்பிடிச் சாமான் கடையிலும் தொங்கும். ஹுல்தாஃபோர்ஸ் என்ற ஸ்வீடன் கம்பெனியின் வேலைக் கத்தியும் இதே தரம்தான், எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். பின்லாந்தில் இருப்பவர்களுக்கு மர்த்தீனி உண்டு, 1928-லிருந்து ரோவனியெமியில் செய்கிறார்கள். நார்வேயின் ஹெல்லே அழகான கத்தி, ஆனால் விலை பல மடங்கு. முதல் வருஷம் அவ்வளவு போடாதீர்கள். கத்தி பிடிக்கவும் தீட்டவும் கை பழகாதவரை விலை கொடுத்த கத்தியும் மொட்டையாகத்தான் கிடக்கும்.

ஸ்டெயின்லெஸா, கார்பன் இரும்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் வீட்டு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா வாழைப்பூ, மாங்காய் நறுக்கினால் அலகு கறுத்துப்போகும். கழுவித் துடைக்காமல் விட்டால் மறுநாள் துரு. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி கூர் வந்துவிடும். கார்பன் கத்தி அப்படியே அந்த ரகம். துடைக்கும் பழக்கம் கையோடு வந்தவர்களுக்கு அது தங்கம். மற்றவர்களுக்கு ஸ்டெயின்லெஸ். கோதன்பர்க் மாதிரிக் கடலோரத்தில் இருந்தால் எல்லோருக்குமே முதல் கத்தி ஸ்டெயின்லெஸ்தான் என்பேன்.

கார்பன் வாங்கினால் முதல் நாளே கறுக்க வைத்துவிடுங்கள். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான வினிகரில் அலகை மட்டும் அரைமணி நேரம் முக்கி எடுத்தால் சாம்பல் நிறம் ஏறும். அந்தப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அப்புறம் விரலில் தொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். இங்கே குளிரில் அது உறைந்து மெழுகுபோல் இருக்கும், அது பூசுவதற்கு வசதியே. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

சமையலுக்கு ஆகுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். மீன் குடல் எடுக்க, ஆப்பிள் நறுக்க, சாசேஜ் கீற ஆகும். கேரட், முள்ளங்கி ஆகாது. அலகின் இரண்டு பக்கமும் ஒரே நேரான சரிவாக இறங்கிக் கூரில் முடிகிறது. மரம் சீவ அதுதான் வேண்டும், ஆனால் கேரட்டில் அது ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்துவிடும். காட்டிலும் அடுப்படியிலும் ஒரே கத்தி வேண்டுமென்றால் அதே மோராவில் 'கான்ஸ்போல்' பாருங்கள், அலகின் முன்பகுதி மெலிந்திருக்கும். எதுவானாலும் தேங்காய் உடைக்காதீர்கள், ஆட்டெலும்பு வெட்டாதீர்கள், டப்பா மூடியை நெம்பாதீர்கள். நுனி உடைந்தால் போனதுதான்.

காட்டில் ஒன்று கவனம். வீட்டை ஒட்டிய இடமும் பயிர் நிலமும் தவிர, இங்கே யார் நிலத்திலும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம் என்ற உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் உயிரோடு நிற்கும் மரத்தில் கிளை வெட்டவோ பட்டை உரிக்கவோ உரிமை கிடையாது. கீழே விழுந்து கிடக்கும் சுள்ளியை எடுத்துச் சீவுங்கள்.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், எல்லோரும் கெடுப்பது இங்கேதான். ஊரில் தெருவில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் கொடுப்போமே, அந்த வேலையை இந்தக் கத்திக்குச் செய்யாதீர்கள். சக்கரச் சூட்டில் கூர் ஓரத்தின் பதம் போய்விடும், சரிவும் உருண்டுவிடும். சமையலறையில் இழுத்துத் தீட்டும் பிளாஸ்டிக் சாதனமும் வேண்டாம். அதன் கோணம் வேறு. 1000 எண் நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல், எண் அதன் நயத்தைச் சொல்கிறது) ஒன்று வாங்குங்கள். கல்லை நனைத்து, கத்தியின் சரிவு முழுதும் கல்லில் படியும்படி வையுங்கள். கோணத்தைத் தேட வேண்டாம், அகலமான சரிவே கையைச் சரியான கோணத்தில் உட்கார வைக்கும். மார்க்கர் பேனாவால் சரிவில் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. கூரின் மறுபக்கத்தில் விரல் நுனிக்குச் சின்னப் பிசிர் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். கடைசியில் ஒரு தோல் துண்டின் மேல் கூர் பின்னால் வரும்படி இருபது முப்பது முறை இழுத்தால் பிசிர் உதிரும். ஆம்பூர்ப் பக்கத்து ஆட்கள் வீட்டில் தோல் துண்டுக்கா பஞ்சம்? அடுத்த முறை பெட்டியில் ஒரு துண்டு போட்டுக் கொண்டு வாருங்கள்.

தோல் என்றதும் உறைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கத்தியோடு வரும் பிளாஸ்டிக் உறையில் குறை ஒன்றும் இல்லை, மழைக்கு அதுதான் நல்லது. ஆனால் நம் ஊர்த் தோலில் ஒரு உறை இடுப்பில் தொங்கும்போது வரும் நெருக்கம் வேறு. போன முறை ஊருக்குப் போனபோது பேரணாம்பட்டில் மாமா எனக்கொன்று தைத்துக் கொடுத்தார். ஷூவுக்கு வரும், குரோம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோலைக் கையில் எடுத்தேன், மாமா வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "இது வளையும், ஆனா உருவம் நிக்காது. கத்தியை இதுக்குள்ளயே போட்டு வெச்சா துருவும் ஏறும்" என்றார். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் அந்த வழியில் வந்ததுதான். உறைக்கு மாட்டுத் தோலோ எருமைத் தோலோ, கனம் 3 மி.மீ. அளவில் கேளுங்கள்.

தைக்கிற முறை: கத்தியைக் காகிதத்தில் வைத்து வரைந்து, சுற்றிலும் இடம் விட்டு வெட்ட வேண்டும். கூர் வரும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டை வைத்துத் தையுங்கள். இதை விட்டால் கத்தி உள்ளே போகும்போதெல்லாம் நூலை அறுக்கும். மெழுகு பூசிய நூல், ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் போட்டு இறுக்குவார் மாமா. ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, விரலால் அழுத்தி உருவம் பிடித்தார். அதை நிழலில்தான் காயவைக்க வேண்டும். வேலூர் வெயிலில் வைத்தால் அரைநாளில் விறைத்து வெடிப்பு விட்டுவிடும்.

பிடி மாற்றும் ஆசை இருந்தால் கம்பேனியனை அறுக்காதீர்கள். பிடியில்லாத வெறும் அலகு தனியாகவே விற்கிறார்கள். புளியமரத் துண்டு ஒன்று போதும். கறிக்கடையில் கட்டையாகக் கிடந்து அத்தனை வெட்டும் தாங்கும் மரம், பிடியாக அமைந்தால் நம் காலத்துக்கும் தாங்கும். துளை போட்டு எப்பாக்ஸி பசை வைத்து இறுக்கி, ஆளிவிதை எண்ணெய் நாலைந்து முறை தேய்த்தால் அருமையான நிறம் வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள். செம்மரத் துண்டு யாராவது தருகிறேன் என்றால் விரலளவு கூட வேண்டாம். ஜவ்வாது மலை, ஆந்திர எல்லைப் பக்கத்து நமக்கு அது எப்படிப்பட்ட வழக்கு என்று சொல்லவே தேவையில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதில் சர்வதேசக் கட்டுப்பாடும் இருக்கிறது.

ஊருக்குக் கத்தியை எடுத்துப்போய் அளவு கொடுத்துத் தைப்பதாக இருந்தால் செக்-இன் பெட்டியில் மட்டும், உறையோடு, துணியில் சுற்றி வையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும். அதற்கும் மனமில்லை என்றால் கத்தியை இங்கேயே வைத்துவிட்டு, காகிதத்தில் வரைந்த உருவத்தோடு அலகின் கனத்தையும் பிடியின் சுற்றளவையும் எழுதி எடுத்துப்போங்கள். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.