லாபக் கணக்கில் சிஎஃப்ஓவின் கை எவ்வளவு தூரம் நீளும்?

ஐந்தொகை:
கணக்கியல் தரநிலைகள் இருக்கின்றன, வெளித் தணிக்கையாளர் இருக்கிறார், இயக்குநர் குழுவும் ஒப்புதல் தருகிறது. இத்தனையும் இருக்க, விதியை மீறாமலேயே ஒரு தலைமை நிதி அதிகாரியால் (சிஎஃப்ஓ) லாபத்தை எந்த அளவு மாற்ற முடியும்? முதலீட்டு முடிவுகளில் அவர் சொல் எங்கே எடுபடுகிறது? ஆண்டறிக்கையில் எதைப் பார்த்தால் பிடிபடும்?

பேரேடு:
நிறையவே மாற்ற முடியும். லாபத்தில் பெரும்பகுதி மதிப்பீடுகள்தான். 80 கோடி இயந்திரத்துக்கு ஆயுள் 5 ஆண்டு என்றால் தேய்மானம் 16 கோடி. 8 ஆண்டு என்றால் 10 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 6 கோடி கூடிவிடும், ஒரு பொருள்கூட அதிகம் விற்காமல். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 8 படி மதிப்பீட்டு மாற்றம் இனிவரும் காலத்துக்கு மட்டும்தான். பழைய ஆண்டுகளைத் திருத்த வேண்டியதில்லை என்பதால், குறிப்புகளைப் படிக்காதவர் இதை நல்ல வளர்ச்சி என்றே நினைப்பார்.

குட்வில் சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு நிறுவனத்தை அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால் அந்த மிகுதிதான் குட்வில். அந்தத் தொழில் இன்னும் ஏட்டு மதிப்புக்குத் தேறுமா என்பதே சோதனை. அடுத்த ஆண்டுப் பணவரவு 10 கோடி, அதன்பின் வளர்ச்சி 2%, டிஸ்கவுண்ட் ரேட் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) 10% என்றால், ரேட்டில் வளர்ச்சியைக் கழித்து வகுக்க, 10 ÷ 0.08 = 125 கோடி. ஏட்டு மதிப்பு 135 கோடியாக இருந்தால் 10 கோடி நட்டம் எழுதியாக வேண்டும். ரேட்டை 9% ஆக்கினால் 10 ÷ 0.07, சுமார் 143 கோடி, நட்டமே இல்லை. இரண்டு ரேட்டுக்கும் நியாயம் சொல்லலாம், அதுதான் சிக்கல். தணிக்கையாளர் அது ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். வரம்பின் எந்த முனை என்பதை முன்வைப்பது நிதித்துறை.

இந்த ரேட்டையும் வளர்ச்சி வீதத்தையும் குறிப்புகளில் வெளியிட ஐஏஎஸ் 36 கட்டாயப்படுத்துகிறது. மூன்று ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். வெளியே வட்டி ஏறும்போது இவர்கள் ரேட் மட்டும் இறங்கியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

மூலதனக்கணக்கு:
முதலீட்டு விஷயத்தில் சிஎஃப்ஓ கூட்டத்தில் வாயே திறக்க வேண்டாம். திட்டங்களுக்கான குறைந்தபட்ச வருவாய் வீதத்தை, அதாவது ஹர்டில் ரேட்டை, முன்கூட்டியே குறித்துவிட்டாலே போதும். 100 கோடி போட்டால் 10 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 18 கோடி தரும் திட்டத்தின் இன்றைய மதிப்பு 10 சதவீதத்தில் 110.6 கோடி, 14 சதவீதத்தில் 93.9 கோடி. திட்டம் ஒன்றுதான், ஒரு ரேட்டில் தேறுகிறது, இன்னொன்றில் விழுகிறது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே ரேட் வைப்பது பரவலான தவறு: ஆபத்தான திட்டங்கள் உள்ளே வரும், நிதானமான நல்ல திட்டங்கள் வெளியே போகும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். கடன் ஒப்பந்தத்தில் கடன் இபிட்டாவைப் (வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபம்) போல் 3 மடங்கைத் தாண்டக்கூடாது என்றிருக்கும். கடன் 290 கோடி, இபிட்டா 95 கோடி என்றால் 3.05, நிபந்தனை மீறல். அந்தக் காலாண்டில் ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் (வரப்போகும் செலவுக்கோ நட்டத்துக்கோ மதிப்பிட்டு வைக்கும் தொகை) இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஐந்தொகை:
அப்படியானால் லாபத்தை இயக்கப் பணவரவோடு, அதாவது அன்றாடத் தொழிலில் நிகரமாக வந்த பணத்தோடு, ஒப்பிட்டால் போதாதா? பணவரவை மாற்ற முடியாதே?

மறுதணிக்கை:
போதாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் விழுந்தது அங்கேதான். பிற நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகளுக்குக் கொடுத்த கட்டணம் அன்றாடச் செலவு. அதை மூலதனச் செலவாக, அதாவது சொத்து வாங்கியதுபோல், மாற்றி எழுதவைத்தவர் சிஎஃப்ஓ ஸ்காட் சல்லிவன். 2002 ஜூனில் வெளிவந்த தொகை சுமார் 380 கோடி டாலர். அப்படி மாற்றினால் லாபத்தோடு இயக்கப் பணவரவும் சேர்ந்தே உயரும், ஏனென்றால் வெளியேறிய பணம் முதலீட்டுப் பகுதிக்குப் போய்விடுகிறது. அதனால் மூலதனச் செலவையும் கழித்த பிறகு மிஞ்சும் பணத்தைப் பாருங்கள்.

அதைக் கண்டுபிடித்தது உள்தணிக்கைப் பிரிவு. ஆதார ஆவணமே இல்லாத ஜர்னல் என்ட்ரிகள்தான் காட்டிக்கொடுத்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 302ஆம் பிரிவு, சிஇஓவோடு சிஎஃப்ஓவும் அறிக்கைக்குத் தனிப்பட்ட முறையில் சான்றளிக்க வைத்தது. ஆனால் உள்தணிக்கைத் தலைவரின் சம்பள உயர்வை சிஎஃப்ஓவே முடிவு செய்கிற இடத்தில் அந்தக் கையெழுத்தை மட்டும் நம்ப முடியாது. உள்தணிக்கைத் தலைவர் நேரடியாக இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்குப் பதில் சொல்பவரா என்று நிர்வாக அமைப்பு அறிக்கையில் தேடுங்கள். அடுத்து, சிஎஃப்ஓவின் போனஸ் எந்த எண்ணைச் சார்ந்தது என்று ஊதிய அறிக்கையில் பாருங்கள். பங்குக்கான வருவாய் (ஒரு பங்குக்கு விழும் லாபம்) என்றிருந்தால், பேரேடு சொன்ன தேய்மானக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.