காரைக்குடியில் சைக்கிளுக்குத் தனிப்பாதையா, பின்தெருவா?

நூறடிரோடு: ஸ்கூல் விடுற நேரம் அரசு சைக்கிள்ல வர்ற பிள்ளைங்க பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நசுங்குறாங்க. நூறடி ரோட்டுல ரெண்டு ஓரமும் தனிப்பாதை போட்டே ஆகணும். அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஹேண்டில் பார் மட்டுமே 60 செ.மீ., மிதிக்கிறப்ப ஆட இருபக்கமும் 20. ஒருத்தருக்கே 1 மீட்டர் போச்சு. முந்த இன்னொரு மீட்டர். வெறும் பெயிண்ட் கோடு கதைக்கு ஆகாது, கான்கிரீட் கட்டை வேணும்.

பின்வாசல்: கட்டை வச்சாலும் கடை வாசலுக்கு வழி விடணுமே அண்ணே. அந்த வழியாத்தான் பைக் உள்ள வந்து நிக்கும். கார் நுழையாத இடைவெளியில பைக் தாராளமா நுழையும். சாயங்காலம் ஆனா அது பார்க்கிங்.

நம்ம ஊர்ல வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. அந்தப் பின்தெருக்கள் நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடுது, வண்டியும் கம்மி. அதையே சைக்கிள் வழியாக்கி வேகத்தை மணிக்கு 30 கி.மீ.க்குக் கட்டுங்க. ஒரு நொடி சுதாரிப்பையும் சேர்த்தா 50-ல வர்ற கார் நிக்க ஏறக்குறைய 28 மீட்டர், 30-ல 13.

நூறடிரோடு: எதை வச்சுக் கட்டுவீங்க? இங்க போடுற வேகத்தடை பாதி, அரையடி அகலத்துல குத்துக்கல்லு மாதிரி நிக்குது. கார் மெதுவாகும், சைக்கிள்காரர் விழுவார்.

பின்வாசல்: போடுற விதத்துல போடல, அதான். 3.7 மீட்டர் நீளம், நடுவுல 10 செ.மீ. உயரம், வில்லு மாதிரி வளைவு. கார் 25-க்கு இறங்கும், சைக்கிள் குலுங்காம ஏறி இறங்கும். வெள்ளைப் பட்டை அடிக்காம விட்டா ராத்திரி அதுவே ஆபத்து.

ஊருணிக்கரை: ரெண்டு பேரும் தெருமுக்கை மறந்துட்டீங்க. பின்தெருன்னா நீளமா மதில், முனை வரைக்கும் மறைப்பு. 15 கி.மீ. வேகத்துல வர்ற சைக்கிள் நொடிக்கு 4 மீட்டர் ஓடிரும். குறுக்க வர்ற வண்டி கண்ணுல படுறப்ப முடிஞ்சுது. ஒவ்வொரு குறுக்குத்தெருவுலயும் முக்குக்கு முன்னாடி வேகத்தடை, குவிகண்ணாடி, ஒரு விளக்கு. டியூஷன் முடிஞ்சு ஏழரை மணிக்குத் தனியா வர்ற பிள்ளைக்கு ஆளரவம் இல்லாத மதில்தெருவைக் காட்டுறதும் எனக்கு ஒப்பல.

நூறடிரோடு: அதைத்தான் நானும் சொல்றேன். மெயின் ரோட்டுல வெளிச்சம் இருக்கு, கடை திறந்திருக்கு.

ஊருணிக்கரை: இருக்கு. ஆனா உங்க தனிப்பாதையும் முக்குல உடையும். இடப்பக்கம் திரும்புற பஸ், பக்கத்துல நேரா போற சைக்கிளைப் பார்க்காது. அங்க பாதையை ரோடு மட்டத்துக்கு இறக்காம 10 செ.மீ. உயரத்துலயே கொண்டு போகணும், பஸ் ஏறித் திரும்பணும். அந்த மேடு மழைத்தண்ணியை மறிக்கும், அடியில குழாய் விட்டாத்தான் கால்வாய்க்குப் போகும்.

பின்வாசல்: கால்வாய்னதும் ஞாபகம். ஓரத்து இரும்புச் சல்லடை மூடியில கம்பி எல்லாம் ரோட்டோட போக்குலயே ஓடுது. 28 இஞ்ச் சைக்கிள் டயர் அகலம் 4 செ.மீ. கூட வராது, இடுக்குல விழுந்தா ஆள் தலைகுப்புற. மூடியைத் திருப்பிப் போடுங்க. சதுரமா இல்லாம திரும்பலைன்னா குறுக்கால 10 செ.மீ.க்கு ஒரு பட்டைக் கம்பி வெல்டிங். சக்கரம் 4 மி.மீ. கூட இறங்காது.

நூறடிரோடு: இதுல எனக்கு மறுப்பில்ல. மூடி வேலைக்கு டெண்டர்கூட வேணாம், ஒரு வெல்டர் போதும். தனிப்பாதையை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.