ஸ்பார்க்கிள் இன் த ரெயின்: சிம்பிள் மைண்ட்ஸ் வளர்ந்ததா, வெறும் சத்தம் கூடியதா?

தெற்குவாசல்:
சிம்பிள் மைண்ட்ஸ் என்று பேச்செடுத்தாலே 'டோன்ட் யூ' பாட்டில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறோம். இந்த இழையில் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். 1984 பிப்ரவரியில் வந்த 'ஸ்பார்க்கிள் இன் த ரெயின்' ஆல்பத்தில்தான் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இந்த கிளாஸ்கோ குழு நியூ வேவை (பங்க் அலைக்குப் பின் வந்த, கீபோர்ட் கலந்த பாணி) விட்டு ஸ்டேடியம் ராக் (மைதானக் கூட்டத்துக்கான பெரிய சத்தம்) பக்கம் திரும்பியது. அதில் அவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பறிபோனது அதிகம் என்பது என் கட்சி.

அதற்கு முந்தைய 'நியூ கோல்ட் ட்ரீம்' (1982) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாட்டை நடத்திக்கொண்டு போவது டெரெக் ஃபோர்ப்ஸின் பேஸ் கிட்டார். சார்லி பர்ச்சில் கிட்டாரில் ஒரு சின்ன வரியை வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மிக் மெக்னீலின் கீபோர்ட் பின்னால் மெல்லப் படர்கிறது. பாடகர் ஜிம் கெர் பாதி பாடுகிறார், பாதி முணுமுணுக்கிறார். யாரும் யாரையும் முட்டித் தள்ளவில்லை. 'ஹன்டர் அண்ட் த ஹன்டட்' பாட்டில் ஹெர்பி ஹான்காக் வந்து ஒரு சோலோ வாசித்துவிட்டுப் போகிறார். அவ்வளவு பெரிய ஜாஸ் கலைஞர் வந்து உட்காரவும் அந்த இசையில் இடம் இருந்தது.

பதினேழு மாதம் கழித்து அடுத்த ஆல்பம். முதல் பாட்டு 'அப் ஆன் த கேட்வாக்'. எண்ணிக்கை சொல்லி முடித்ததும் டிரம்ஸ் இடிக்கத் தொடங்குகிறது, அப்புறம் ஓரிரு பாட்டு தவிர ஓய்வதே இல்லை. கல்யாண வீட்டில் மைக் செட் போட்டதும் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமல் போகுமே, ஃபோர்ப்ஸுக்கு அந்தக் கதிதான் ஆனது. வாசிக்கிறார் என்று தெரிகிறது, என்ன வாசிக்கிறார் என்பதற்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மழைக்குருவி:
ஃபோர்ப்ஸுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் 'வாட்டர்ஃபிரண்ட்' எதில் தொடங்குகிறது? பேஸில்தானே! ஒரே சுரம், டி, அதுவே துடித்துக்கொண்டிருக்கிறது. மேலே கிட்டாரும் கீபோர்டும் மாறிக்கொண்டே இருக்க, கீழே பேஸ் அசையவே இல்லை. ஒரு பேஸ் கலைஞர் ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்து 'பறிபோனது' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். கெர்ரும் பர்ச்சிலும் கிளாஸ்கோவின் டோரிகிளென் பகுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்த ஊரின் பிழைப்பு கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்கள். 1971இல் அந்தத் தளங்களை மூடப் போகிறார்கள் என்றபோது தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தளத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஜிம்மி ரீட் போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டம் உலகெங்கும் பேசப்பட்டது. இருந்தும் கிளைடு கரையில் பல தளங்கள் அடங்கிப்போயின. வேலை போன அந்த ஆற்றங்கரையைப் பற்றிய பாட்டுதான் 'வாட்டர்ஃபிரண்ட்'. அதற்கு இரும்பு அடிக்கிற டிரம்ஸ் போடாமல் பிறகு எதற்குப் போடுவது? ஐரோப்பாவை ரயிலில் சுற்றிய அனுபவத்தில் 'எம்பயர்ஸ் அண்ட் டான்ஸ்' (1980) செய்தவர்கள், இந்தப் பாட்டில் தங்கள் ஊருக்கே திரும்பி வந்து நிற்கிறார்கள். எனக்கு இது வளர்ச்சியாகத்தான் படுகிறது.

ஏழாம்சுரம்:
டிரம்ஸ் வாசிக்கிறவன் என்பதால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'ஸ்பார்க்கிள்' ஆல்பத்தின் டிரம்மர் மெல் கேனர் 1984இல் திடீரென்று வந்து குழுவைக் கெடுத்தவர் இல்லை. பழைய டிரம்மர் பிரையன் மெக்கீ 1981இலேயே போய்விட்டார். 'நியூ கோல்ட் ட்ரீம்' ஆல்பத்திலேயே மூன்று டிரம்மர்கள் உண்டு. தலைப்புப் பாட்டில் கேனரும் மைக் ஓகிள்ட்ரீயும் சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். தெற்குவாசல் சார் கொண்டாடுகிற ஆல்பத்திலும் கேனரின் கை இருக்கிறது. அங்கே அவர் வாசித்தது உங்களை உறுத்தவில்லையே?

ஆகவே ஆளைக் குற்றம் சொல்ல வழியில்லை. பதிவு செய்த விதத்தைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், இடம் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. அங்கே சுவர் கல்லால் ஆன ஓர் அறை உண்டு. ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கு லில்லிவைட்டும் பொறியாளர் ஹியூ பாட்காமும் டிரம்மர் ஃபில் காலின்ஸை வைத்து உண்டாக்கிய பெரிய டிரம்ஸ் ஓசைக்கு அந்த ஸ்டுடியோதான் பெயர் வாங்கியது. அந்த ஆல்பத்தில் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) தொடக்கூடாது என்று கேப்ரியல் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் டிரம்ஸ் எவ்வளவு பெரிதாக ஒலித்தாலும் மேல் ஸ்தாயி காலியாகக் கிடந்தது, மற்ற கருவிகள் அங்கே மூச்சு விட்டன. 'ஸ்பார்க்கிள்' ஆல்பத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கேனர் சிம்பலைத் தாராளமாக அடிக்கிறார். அதே மேல் ஸ்தாயியில்தான் பர்ச்சிலின் கிட்டாரும் மெக்னீலின் பியானோவும் கெர்ரின் குரலும் இருக்கின்றன. நாலு பேரும் ஒரே வாசலில் நுழையப் பார்க்கிறார்கள். வாசிப்பில் எனக்குக் குறை இல்லை. 'ஸ்பீட் யுவர் லவ் டு மீ' பாட்டில் அந்த மனிதர் ஓடுகிற ஓட்டத்தை வாசித்துப் பார்த்தால் தெரியும், இரண்டாவது நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும்.

புதுக்காது:
நான் இந்தக் குழுவின் 'அலைவ் அண்ட் கிக்கிங்' மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அது இந்த ஆல்பமா, வேறா? எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்லுங்களேன்.

கேசட்பிரியன்:
தம்பி, அது அடுத்த ஆல்பம். 'ஒன்ஸ் அபான் எ டைம்', 1985. இந்த இழையில் எல்லோரும் தாண்டிப் போவதும் அதைத்தான்.

ஸ்டேடியம் ராக் என்று கழுவில் ஏற்ற வேண்டுமென்றால் 1985ஐ ஏற்றுங்கள். 'டோன்ட் யூ' அவர்கள் எழுதிய பாட்டே இல்லை. கீத் ஃபோர்சியும் ஸ்டீவ் ஷிஃபும் ஒரு ஹாலிவுட் படத்துக்காக எழுதியது. குழுவுக்கு அதில் பெரிய விருப்பம் கிடையாது. அரை மனதாகப் பாடிக் கொடுத்தது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதே ஆண்டில் ஃபோர்ப்ஸ் வெளியே, ஜான் கிப்ளின் உள்ளே. ஜூலையில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான லைவ் எய்ட் நிகழ்ச்சியில் ஃபிலடெல்ஃபியா ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். அக்டோபரில் ஜிம்மி அயோவினும் பாப் கிளியர்மவுன்டனும் தயாரித்த ஆல்பம் வந்தது. பின்னணிக்கு ராபின் கிளார்க்கின் காஸ்பல் (தேவாலயப் பாட்டுப் பாணி) குரல், ஒவ்வொரு பாட்டிலும் கூட்டம் சேர்ந்து பாட ஒரு வரி. அமெரிக்க வானொலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆல்பம் அது. 'அலைவ் அண்ட் கிக்கிங்' அங்கே மூன்றாம் இடம் வரை போனது.

அதோடு ஒப்பிட்டால் 'ஸ்பார்க்கிள்' இன்னும் முரட்டுத்தனமான, கொஞ்சம் புரியாத ஆல்பம்தான். 'கேட்வாக்' பாட்டில் நாஸ்டாஸ்ஸியா கின்ஸ்கி, ராபர்ட் டி நீரோ என்று பெயர்களாக அடுக்கிக்கொண்டே போகிறாரே கெர், எந்த ஸ்டேடியக் கூட்டம் அதைக் கேட்டது? பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்பதற்காக ஓர் ஆல்பத்தை விலைபோனதாகச் சொல்லிவிட முடியாது.

தெற்குவாசல்:
கேசட்பிரியன் அண்ணே, விலைபோனார்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. நான் சொல்வது ஒலியைப் பற்றி மட்டும். 1985இல் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கான பாதையை 1984இல்தான் போட்டார்கள். டிரம்ஸ் முன்னால் வந்ததும் பாடகர் கத்த வேண்டியதாகிறது. பாடகர் கத்தினால் வரிகள் சுருங்கி முழக்கமாகின்றன. முழக்கத்துக்கு வளைந்து நெளிகிற பேஸ் வேண்டாம், கீழே நின்று இடித்தால் போதும். 'தீம் ஃபார் கிரேட் சிட்டீஸ்' (1981) மாதிரி, பாடல் வரியே இல்லாமல் பேஸும் கீபோர்டும் ஒரு நகரத்தையே கண்முன் கொண்டுவந்த குழு இது. ஃபோர்ப்ஸ் 1985இல் வெளியேறினார் என்பது வரலாறு. இசைக்குள் அவருடைய இடம் அதற்கு ஓராண்டு முன்பே சுருங்கிவிட்டது.

குருவி, 'வாட்டர்ஃபிரண்ட்' நல்ல பாட்டு என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஒற்றைச் சுரம் அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது என்பதற்காக ஆல்பம் முழுவதற்கும் அதை நியாயமாகக் காட்ட முடியாது. இதே ஆல்பத்தில் அவர்கள் மறுபடி பாடிய 'ஸ்ட்ரீட் ஹாஸல்' எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாடகர் லூ ரீட் 1978இல் செய்தது கிட்டத்தட்ட 11 நிமிடப் பாட்டு. தந்திக் கருவிகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அவர் பேசுவதுபோலப் பாடுகிறார். பக்கத்து அறையில் நடக்கும் ஒரு சாவை ஒட்டுக்கேட்பது போலக் கூசும். சிம்பிள் மைண்ட்ஸ் அதை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கி, மேலே மேலே எழுப்பி, கை தூக்கிப் பாடுகிற பாட்டாக்கிவிட்டார்கள். எந்தப் பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டாலும் ஒரே மாதிரி வெளியே வருவதுதான் எனக்குப் பிரச்சினை.

இன்னொன்றையும் பாருங்கள். அயர்லாந்துக் குழுவான யூ2வின் முதல் மூன்று ஆல்பங்களையும் தயாரித்தவர் இதே லில்லிவைட். 1984இல் யூ2 அவரை விட்டு பிரையன் ஈனோவிடமும் டேனியல் லனுவாவிடமும் போய், மங்கலும் இடைவெளியுமான 'தி அன்ஃபர்கெட்டபிள் ஃபயர்' ஆல்பத்தைச் செய்தார்கள். சிம்பிள் மைண்ட்ஸ் கையில் வைத்திருந்ததைத் தேடி யூ2 போனார்கள். அதே நேரத்தில் யூ2 இறக்கி வைத்ததை இவர்கள் எடுத்துச் சுமந்தார்கள்.

மழைக்குருவி:
இடைவெளி இருந்தால் கலை, நிரப்பினால் முழக்கம் என்று வைத்துக்கொண்டால் பாதி ராக் இசையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பெரிய கூட்டத்தோடு பேசுவது தனியாக ஒரு திறமை. 1983 நவம்பரில் 'வாட்டர்ஃபிரண்ட்' வீடியோ எடுக்க எங்கே போனார்கள் தெரியுமா? கிளாஸ்கோவின் பாரோலண்ட். 1934இல் திறந்த பழைய நடன அரங்கம், அப்போது கேட்பாரற்றுக் கிடந்தது. ரசிகர்களைக் கூட்டி வந்து அங்கேயே வாசித்தார்கள். அதன் பிறகு அது மறுபடி உயிர் பெற்று, இன்றுவரை ஸ்காட்லாந்தில் பேர் சொல்லும் ராக் அரங்கமாக இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஆல்பத்தின் சத்தம் தங்கள் சத்தம். 1986இல் அதே ஊரில் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில் வாசித்தார்கள். டோரிகிளென் பையன்கள் இருவர் ஊர் மைதானத்தை நிரப்பியதை நான் வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெரிய குரலை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் கணக்கில் வரவேண்டும். 1988 ஜூனில் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு வெம்ப்ளியில் நடந்த கச்சேரியில் 'மண்டேலா டே' பாடினார்கள். மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். முணுமுணுப்பதற்கான மேடை அது இல்லை. 'நியூ கோல்ட் ட்ரீம்' குரலில் அந்தப் பாட்டைப் பாடியிருந்தால் பத்தாவது வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது.

தெற்குவாசல்:
மண்டேலாவுக்காகப் பாடியதை மதிக்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 1988இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்பது 1984இல் ஒரு கிட்டார் வரி கேட்காமல் போனதற்குப் பதில் ஆகாது. அதே ஆண்டுகளில் பீட்டர் கேப்ரியலும் இதே காரியங்களுக்காகப் பாடினார். தென்னாப்பிரிக்காவில் காவலில் இறந்த ஸ்டீவ் பீகோவைப் பற்றிய 'பீகோ' எவ்வளவு நிதானமான பாட்டு! வெம்ப்ளியில் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்ததே.

ஏழாம்சுரம்:
இருவரும் ஒரு முறை 2015 பெட்டித் தொகுப்பைக் கேளுங்கள். அதில் ஸ்டீவன் வில்சன் செய்த 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான) மிக்ஸ் இருக்கிறது. கருவிகள் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிந்து போனதும் ஃபோர்ப்ஸ் தெளிவாக வெளியே வருகிறார். 'ஒயிட் ஹாட் டே' பாட்டில் அவர் சும்மா இடிக்கவில்லை. பழைய ஃபோர்ப்ஸ் அங்கேதான் இருக்கிறார். ஆக, பாட்டு எழுதியபோது இடம் இருந்தது, ஸ்டீரியோவில் அடுக்கும்போதுதான் அடைபட்டது. தெற்குவாசல் சார் சொல்கிற 'பாதை' வாதம் எனக்கு அங்கேதான் இடிக்கிறது. குழு மாறிவிட்டதா, மிக்ஸ் மாறிவிட்டதா என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

அப்புறம், கடைசிப் பாட்டு 'ஷேக் ஆஃப் த கோஸ்ட்ஸ்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. வரிகளே இல்லாத வாத்திய இசை. முழக்கத்துக்கு மாறிவிட்ட குழு ஏன் அதில் போய் ஆல்பத்தை முடிக்கிறது?

கேசட்பிரியன்:
'ஈஸ்ட் அட் ஈஸ்டர்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் அடங்கி, குரல் தாழ்ந்து போகும் பாட்டு. அதைக் கேட்ட பிறகும் ஆல்பம் முழுக்க இடி என்று யாராவது சொன்னால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்றுதான் நினைப்பேன்.

புதுக்காது:
இரண்டு ஆல்பங்களையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வருகிறேன். 'நியூ கோல்ட் ட்ரீம்' உடனே பிடித்துவிட்டது. 'ஸ்பார்க்கிள்' ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது 'வாட்டர்ஃபிரண்ட்'. அதிலும் டிரம்ஸ் நுழைவதற்கு முன்னால், பேஸ் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் அந்தத் தொடக்கம்தான். அப்படியென்றால் நான் தெற்குவாசல் அண்ணா கட்சியா?

தெற்குவாசல்:
என் கட்சிதான், சந்தேகமே வேண்டாம். அடுத்து 'சன்ஸ் அண்ட் ஃபாசினேஷன்' கேளுங்கள். அந்தத் துடிப்பு ஆல்பம் முழுக்க இருக்கும்.

மழைக்குருவி:
இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். அந்தத் தொடக்கத்தில் உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது எதனால்? ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று தெரிந்ததால்தான். டிரம்ஸ் வரவே வராத 'வாட்டர்ஃபிரண்ட்' பாட்டை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பிடித்தால் அவர் பக்கம் போய்க்கொள்ளுங்கள்.