ஸ்கேனர் ஆன்டெனாவை வெட்டிக் குட்டையாக்கலாமா?

மாடிவானம், தாம்பரம்:
உதவி வேண்டும். என் கையடக்க ரேடியோ ஸ்கேனரின் (பல அலைவரிசைகளைக் கேட்கும் கருவி) ஆன்டெனா 40 செ.மீ. ரப்பர் குச்சி. காலையில் பீச் ரயிலில் ஏறினால் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேற்று மாம்பலத்தில் ஒரு அம்மாவின் கண்ணுக்குப் பக்கத்தில் போய்விட்டது. மனசே சரியில்லை. நுனியில் 15 செ.மீ. வெட்டிவிடலாமா? நான் கேட்பது முக்கியமாக 145.800 மெகாஹெர்ட்ஸ், விண்வெளி நிலையத்தின் அலைவரிசை. அது கெடக்கூடாது.

ஈயப்பற்று, சிந்தாதிரிப்பேட்டை:
தம்பி, வெட்டாதீங்க. ரப்பருக்குள் இருப்பது நேர்க்கம்பி இல்லை, ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. ஒரு சுற்று போனாலும் அது நன்றாக வாங்கும் அலைவரிசை மேலே ஏறிவிடும். வெட்டிய பிறகு ஒட்டவும் முடியாது.

நேர்க்கம்பி ஆன்டெனா என்றால் அலை நீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வாங்கும். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அந்தக் கால் அலை நீளம் மீட்டரில் வரும். 145.8-க்கு 51 செ.மீ.; கம்பிக்குக் கொஞ்சம் குறைத்து 49. இந்த நீளத்தை அப்படியே வைத்துச் சுருட்ட வழி இருக்கிறது. ஆசாரி வைத்திருக்கும் ஸ்டீல் இஞ்சு டேப் பழசு ஒன்று எடுத்து 49 செ.மீ. வெட்டுங்கள். ஒரு முனையில் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேயுங்கள், இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது. பி.என்.சி. பிளக்கின் (ஸ்கேனரில் ஆன்டெனா மாட்டும் பிளக்) நடு ஊசியில் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். மறுமுனையை வட்டமாக வெட்டி டேப் ஒட்டுங்கள், கையைக் கிழிக்கும். வளைத்து ரப்பர் பேண்ட் மாட்டினால் டிபன் பாக்ஸ் பக்கத்தில் அடங்கிவிடும்.

அலைகடல், பெசன்ட் நகர்:
கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் உப்புக்காற்றில் துரு ஏறும், பற்றவைத்த இடத்தை நன்றாக மூடுங்கள். அப்புறம், ஹாம் உரிமம் (பொழுதுபோக்கு வானொலி உரிமம்) இருந்தால் அதன் நகலைப் பையில் வைத்திருங்கள். ரயிலில் யாராவது கேட்டால் காட்டலாம்.

மாடிவானம்:
ரிட்சி தெருவில் பிளக் வாங்கிச் செய்துவிட்டேன், அண்ணா. ரப்பர் குச்சி முழுசாக வீட்டிலேயே இருக்கிறது. நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை (கீழிருந்து வரும் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) 437.800-இல் வைத்துக் கேட்டேன். குரல் வந்தது, ஆனால் முதலில் கரகரப்பு, நடுவில் தெளிவு, திரும்பக் கரகரப்பு. ஆன்டெனா தப்பா?

ஈயப்பற்று:
ஆன்டெனா சரிதான். அதே 49 செ.மீ. 437.800-இல் முக்கால் அலையாக வேலை செய்யும். கரகரப்பு டாப்ளரால். நிலையம் நெருங்கும்போது அலைவரிசை கூடித் தெரியும், விலகும்போது குறையும். 437.810-இல் தொடங்கி, தலைக்கு மேல் வரும்போது 437.800, கடைசியில் 437.790 என்று இறக்கிக்கொண்டே வாங்க. ஸ்கேனரில் 5 கிலோஹெர்ட்ஸ் படி வைத்துக்கொண்டால் போதும்.