"21 அடிக்குள் வந்தால் சுடலாம்": எந்தப் பிரிவில் இருக்கிறது?

ஆஸ்டின் அறிவழகன்:
கேட்டி கார்மேகம் நேற்று இங்கே, டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிம வகுப்புக்குப் போய்வந்த பெருமையை எழுதியிருந்தார். எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "கத்தியோடு ஒருவன் 21 அடிக்குள் வந்துவிட்டால் சுடலாம், சட்டமே அனுமதிக்கிறது, வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்." அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இதை நம்பி நம்மவர் ஒருவர் ஏதோ ஒரு கடை வாசலில் விசையை அழுத்திவிட்டால், நடுவர் குழுவின் முன்னால் நிற்கப்போவது அவர்தான், கைதட்டியவர்கள் இல்லை. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில், பலத்தைப் பயன்படுத்துவது எப்போது நியாயம் என்று சொல்லும் 9ஆம் அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். அதில் எங்கும் அடிக்கணக்கு கிடையாது. கார்மேகம் எந்தப் பிரிவு என்று சொல்லட்டும்.

கேட்டி கார்மேகம்:
வந்துவிட்டார் சட்ட மேதை. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், உரிமம் தரும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர். அவர் 21 அடி என்றார். நீங்கள் யார்? அந்த வகுப்பின் சுடுதல் தேர்வில் 250க்கு 250 வாங்கியவன் நான் ஒருவன்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அறிவழகன்.

ஆஸ்டின் அறிவழகன்:
மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. பிரிவு எண்ணைக் கேட்டேன்.

அந்த 21 அடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்றுநராக இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். உடல்நலமுள்ள ஓர் ஆள் 7 கெஜத்தை, அதாவது 21 அடியை, ஏறக்குறைய 1.5 வினாடியில் ஓடிக் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி இலக்கில் இரண்டு குண்டுகளைப் பதிக்கவும் அதே நேரம்தான் ஆகிறது. அவர் சொன்னது அவ்வளவுதான்: ஆபத்து நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது, முன்கூட்டியே விலகுங்கள், மறைவு தேடுங்கள். அது காவலர்களுக்கான பயிற்சி எச்சரிக்கை. பின்னால் வந்தவர்கள் அதை "விதி" என்றார்கள். கார்மேகம் ஒரு படி மேலே போய்ச் "சட்டம்" ஆக்கிவிட்டார்.

கேட்டி கார்மேகம்:
பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொண்டார். 21 அடி என்பது உண்மை. 1.5 வினாடி என்பது உண்மை. பிறகு எதற்கு இந்தக் கூப்பாடு?

ஆஸ்டின் அறிவழகன்:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிவு 9.32 கேட்பது வேறு. உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தை அந்தக் கணமே பயன்படுத்தியாக வேண்டிய அவசியம் இருந்தது என்று நீங்கள் நம்பினீர்களா, அந்த நம்பிக்கை நியாயமானதா என்று கேட்கிறது. 30 அடியில் அந்த அவசியம் வரலாம், 5 அடியில் வராமலும் போகலாம். மாம்பழம் நறுக்கிக்கொண்டிருப்பவர் கையிலும் கத்திதான் இருக்கிறது.

சிகாகோ சீனிவாசன்:
டெக்சாஸ்காரர்களின் வகுப்பே 4 முதல் 6 மணி நேரம்தான். வகுப்புப் பாடத்தை இணையத்தில்கூட முடித்துவிடலாமாம். எங்கள் இல்லினாயில் 16 மணி நேரம் உட்கார வேண்டும். அரை நாள் வகுப்பில் சட்டமும் சுடுதலும் கற்றுக்கொண்டு வந்தால் இப்படித்தான் 21 அடி, 22 அடி என்று உளற வேண்டியிருக்கும்.

கேட்டி கார்மேகம்:
16 மணி நேரம் படித்த ஊரின் லட்சணத்தைத் தினமும் செய்தியில் பார்க்கிறோம். இல்லினாய் கடைசி மாநிலமாக 2013இல்தான், அதுவும் நீதிமன்றம் குட்டிய பிறகுதான், உரிமத்துக்கே சட்டம் போட்டது. இங்கே 1996 முதல் உரிமம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத யாரும் உரிமமே இல்லாமல் கொண்டுபோகலாம். வகுப்பு கட்டாயமில்லாதபோதும் நான் பணம் கட்டிப் போனேன். அதைப் பாராட்ட இங்கே ஒருவருக்கும் மனமில்லை.

பிரிஸ்கோ நிலா:
நானும் போனேன் அண்ணா, அதனால் சொல்கிறேன். கட்டாயமில்லை என்றாலும் உரிமம் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பிள்ளையை இறக்கிவிடப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் நின்ற பெண்மணியின் கழுத்துப் பட்டிக்குள் சூடான வெற்றுத் தோட்டா ஒன்று விழுந்துவிட்டது. அவர் அலறிக்கொண்டு, துப்பாக்கி கையில் இருக்க, அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார். விரல் விசைமேல் இருந்தது. பயிற்றுநர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கமே திருப்பினார். அதற்குப் பிறகு யாருமே வாய் திறக்கவில்லை. வகுப்பில் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது பற்றியும் நிறையச் சொன்னார்கள். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் இந்த மாநிலத்தில் குற்றம். இதையெல்லாம் பேசுவோமே.

கேட்டி கார்மேகம்:
நிலா, பூட்டி வைத்தால் திருடன் வரும்போது சாவியைத் தேடிக்கொண்டிருப்பீர்களா? 21 அடி என்பது ஒரு கூடத்தின் நீளம். அவன் உங்கள்மேல் விழுந்திருப்பான்.

ஆஸ்டின் அறிவழகன்:
மறுபடியும் 21 அடி! வீட்டுக்குள் பலவந்தமாகப் புகுந்தவன் விஷயத்தில் சட்டம் உங்கள் அச்சத்தை நியாயமானது என்றே அனுமானிக்கிறது. வீடு, வாகனம், வேலையிடம் மூன்றுக்கும் அது உண்டு. 2007இல் வந்த திருத்தம். அங்கேயும் அடிக்கணக்கு இல்லை. கூடத்தின் நீளத்தை யாரும் அளக்கப்போவதில்லை. கார்மேகம், மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். எந்தப் பிரிவு?

கேட்டி கார்மேகம்:
அதே 2007 திருத்தம்தான் பின்வாங்கும் கடமை இல்லை, அதாவது தற்காத்துக்கொள்ளும் முன் விலகி ஓடப் பார்க்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அதை ஏன் விழுங்கினீர்கள்? வசதியான பாதியை மட்டும் படிப்பது உங்கள் பழைய வழக்கம். சொத்துவரி முறையீட்டு இழையில் மே 15 கெடுவைப் பற்றிக் குழப்பிவிட்டு எத்தனை பேரைத் தவிக்கவிட்டீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

ஆஸ்டின் அறிவழகன்:
சொத்துவரி இழையில் நான் சொன்னது மே 15 அல்லது அறிவிப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. சட்டத்தில் உள்ளது அதுதான். உங்களுக்குப் புரியவில்லை என்றால் குழப்பியவன் நானா?

பின்வாங்கும் கடமை இல்லை என்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. அங்கே இருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும், எதிராளியை நீங்கள் சீண்டியிருக்கக் கூடாது, நீங்களே குற்றச்செயலில் ஈடுபட்டிருக்கக் கூடாது. கார் நிறுத்தும் இடத்துக்காகத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனவருக்கு அந்தக் கவசம் கேள்விக்குறிதான். வகுப்பில் சண்டையை வன்முறையின்றித் தீர்ப்பது என்று ஒரு பாடமே கட்டாயம். அந்த நேரத்தில் கார்மேகம் காப்பி குடிக்கப் போயிருப்பார்.

வேலைவிசா வேந்தன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நான் இந்த வகுப்பில் சேரலாமா?

கேட்டி கார்மேகம்:
தாராளமாகச் சேருங்கள் தம்பி. என் பயிற்றுநரின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

ஆஸ்டின் அறிவழகன்:
நில்லுங்கள் வேந்தன்! எச்1பி குடியேற்றமில்லா விசா. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பச்சை அட்டை வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைக்கு ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் சுடுதளத்தில் இரவல் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். குற்றத்தோடு விசாவும் போகும். கார்மேகம் எவ்வளவு எளிதாகத் "தாராளமாக" என்கிறார் பாருங்கள்! இதற்காகத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கேட்டி கார்மேகம்:
வகுப்பில் உட்கார்ந்து காதால் கேட்பதற்கு விசா எதற்கு? நான் வகுப்பைத்தான் சொன்னேன்.

சிகாகோ சீனிவாசன்:
வகுப்பின் முடிவில் 50 குண்டுகள் சுட வேண்டாமா? அதையும் காதால்தான் சுடுவார்களா?

கேட்டி கார்மேகம்:
சீனிவாசன், உங்களிடம் யாரும் கேட்கவில்லை. போய்ப் பனியைத் தள்ளுங்கள்.

2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஓலேத்தாவில் மதுக்கூடத்தில் நம் நாட்டு இளம்பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டாரே, நினைவிருக்கிறதா? சுட்டவன் "என் நாட்டைவிட்டுப் போ" என்று கத்தினான். அன்றைக்கு முடிவு செய்தேன், என் குடும்பத்தை நான்தான் காக்க வேண்டும் என்று. உங்கள் பிரிவு எண்கள் அவரைக் காப்பாற்றினவா?

ஆஸ்டின் அறிவழகன்:
அந்தச் சாவு எனக்கும் வலித்தது. அதை இதற்குள் இழுக்காதீர்கள். இழுத்துவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: டெக்சாஸில் 51 சதவீதப் பலகை, அதாவது வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று காட்டும் பலகை, மாட்டிய மதுக்கூடத்துக்குள் உரிமம் உள்ளவரும் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. உங்கள் துப்பாக்கி காரில் கிடக்கும். 21 அடியும் உதவாது, 250க்கு 250உம் உதவாது.

அந்த 250ஐயும் பார்த்துவிடலாம். 3 கெஜத்தில் 20 குண்டு, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. தேர்ச்சிக்கு 175 போதும். இலக்குத் தாள் நகராது, திருப்பிச் சுடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தேர்வில் உறையிலிருந்து உருவ வேண்டியதே இல்லை. ட்யூலர் கணக்கின் உயிரே உருவுவதில்தான் இருக்கிறது. அதுவும் இடுப்பில் வெளியே தெரியும் உறையிலிருந்து காவலர் உருவும் வேகம். நீங்கள் சட்டையைத் தூக்கி, தொந்தியை ஒதுக்கி, பிடியைத் தேடி எடுப்பதற்குள் 1.5 வினாடி எப்போதோ போயிருக்கும். ஆக, நீங்கள் பிடித்துத் தொங்கும் 21 அடி உங்களுக்கே பொருந்தாது.

பிரிஸ்கோ நிலா:
தொந்தி வரைக்கும் போக வேண்டாமே. மறுபடி கேட்கிறேன், வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் எந்த மாதிரிப் பெட்டியில் பூட்டி வைக்கிறீர்கள்?

கேட்டி கார்மேகம்:
என் உடம்பைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி? அறிவழகன், உங்களிடம் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

ஆஸ்டின் அறிவழகன்:
மறைத்துக் கொண்டுபோவது என்றால் இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதுதான். உங்கள் வகுப்பில் அதையும் சொல்லித் தரவில்லையா? பிரிவு எண் எங்கே?

கேட்டி கார்மேகம்:
நழுவுகிறார், எல்லோரும் பாருங்கள். என் பயிற்றுநரிடம் கேட்டுவிட்டேன். "21 அடி 21 அடிதான்" என்றார்.

ஆஸ்டின் அறிவழகன்:
அவரிடம் பிரிவு எண்ணைக் கேட்டீர்களா?

கேட்டி கார்மேகம்:
எண்ணெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை நான் வழக்கமாகப் போகும் சுடுதளத்துக்கு வாருங்கள். இடுப்பிலிருந்து உருவிச் சுட்டுக் காட்டுகிறேன். கடிகாரத்தை நீங்களே பிடியுங்கள். 1.5 வினாடிக்குள் முடியாவிட்டால் பேசுவோம்.

ஆஸ்டின் அறிவழகன்:
உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றில் உறையிலிருந்து உருவிச் சுடவே அனுமதிப்பதில்லை. வாசலில் மாட்டியிருக்கும் விதிப் பலகையைப் படித்துவிட்டு அழையுங்கள்.

கேட்டி கார்மேகம்:
எனக்கு அனுமதிப்பார்கள்.

சிகாகோ சீனிவாசன்:
எந்தச் சுடுதளம்? பெயரைச் சொல்லுங்கள்.

கேட்டி கார்மேகம்:
பனி நின்றுவிட்டதா சீனிவாசன்?