மறு: மறு: மூட்டு மாற்றுத் துண்டறிக்கை – 'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்பின் குழுவினருக்கு, முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை யாருக்குத் தேவைப்படக்கூடும் என்று விளக்கும் இரண்டு பக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புறநோயாளிகள் கையில் கொடுப்பது. 'ரிஸ்க் ஃபேக்டர்' (நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது) என்று வரும் இடத்தில் 'ஆபத்துக் காரணி' என்று போட்டால், அறுவை சிகிச்சையில்தான் ஆபத்து என்று படிக்கிறார்கள். பட்டியலில் வயது, எடை, பழைய காயம், கால் வளைவு, குந்திச் செய்யும் வேலை, பரம்பரை, புகைபிடித்தல் இருக்கின்றன.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

வள்ளுவரிடமே இருக்கிறது: 'நோய்நாடி நோய்முதல் நாடி'. 'நோய்முதல்' என்று போடுங்கள். ஒரே சொல், தூய சொல்.

எலும்பு மருத்துவர், மதுரை

ஐயா, 'முதல்' என்றால் காரணம் என்று முடிந்துவிடும். வயது காரணமில்லை, வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவே. எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாதவர் வலியில்லாமல் நடப்பார். லேசான தேய்வுள்ளவர் இரவில் தூங்க முடியாமல் வருவார். அறுவை சிகிச்சை தேவையா என்பதை வலி, நடக்கும் தூரம், மருந்துக்கும் பயிற்சிக்கும் கேட்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. காப்பீடு கிடைக்கிறதா என்பதும் இதில் சேரும்.

முழங்காலையும் இடுப்பையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். எடை முழங்காலைப் பாதிக்கும் அளவுக்கு இடுப்பைப் பாதிப்பதில்லை. நம் ஊரில் இடுப்பு மாற்றுக்கு வருபவர் பலருக்குத் தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது சிதைந்திருக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டும் மதுவும் அதில் முக்கியம். அந்தத் தலை பொருந்தும் கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாத மூட்டும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து

இலங்கையில் வங்கி அறிக்கைகளில் 'இடர்நேர்வு' எண்டு கனகாலமாய்ப் புழங்குது. 'இடர்நேர்வுக் காரணி' எண்டால் வரப்போவது எண்ட பொருளும் அதுக்குள்ள வந்திடும். புதுச்சொல் தேவையில்லை.

தமிழாசிரியர்

இடர் வந்துவிட்ட துன்பம். பொய்கையாழ்வார் 'இடராழி நீங்குகவே' என்பது மூழ்கிக் கிடப்பவருக்காக. வரக்கூடியதைச் சொல்ல 'ஊறு' இருக்கிறது. 'ஊறொரால் உற்றபின் ஒல்காமை' என்ற குறளில் ஊறு முன்னே நிற்கிறது. விலக்க வேண்டியது அது. உற்றபின் வருவது வேறு. உறு, உறல், ஊறு என்று வேர் தெளிவு. மணிமேகலையின் தருக்கப் பகுதியில் காரணம் என்ற பொருளில் வரும் 'ஏது'வைச் சேர்த்தால் 'ஊற்றேது'.

மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'ஏது' வடமொழி ஹேதுவிலிருந்து வந்ததுதானே? தூய்மைதான் அளவுகோல் என்றால் 'காரண'த்தை மட்டும் ஏன் தள்ள வேண்டும்? 'ஊற்றேது' என்றால் நோயாளி கிணற்று ஊற்றை நினைப்பார்.

இயன்முறை மருத்துவர், கோவை

இதைவிடக் கெடுதல் செய்யும் சொல் துண்டறிக்கையில் பதினோரு இடத்தில் இருக்கிறது: 'தேய்மானம்'. டயர் போலத் தேய்கிறது என்று நம்பி நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டில் பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுநீர் வழியாக அதற்கு ஊட்டம் போகிறது. நடை நின்றால் தொடையின் முன்தசை மெலியும், பாரம் இன்னும் மூட்டின் மேல் விழும். 'மூட்டுச் சிதைவு' என்று மாற்றுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையும் என்பதையும் சேருங்கள்.

பயிற்சிப் படத்தின் கீழ் இப்படி எழுதலாம்: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை மடங்காமல் ஒரு சாண் உயர்த்தி 5 நொடி நிறுத்தவும், 10 முறை. முழங்கால் மடங்கினால் பயனில்லை. மூச்சை அடக்கக் கூடாது.

எலும்பு மருத்துவர்

'சிதைவு' இன்னும் பயமுறுத்தும். 'மூட்டுத் தேய்வு நோய்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு 'மூட்டுவலி' என்றே போகலாம்.

நான்கு திருத்தம். 'கால் வளைவு' என்றால் பாதத்தின் வளைவு என்று கொள்வார்கள். 'முழங்கால் வெளிப்பக்கம் வளைந்திருத்தல்' என்று எழுதுங்கள், அதில் உட்பக்க மூட்டுதான் நொறுங்குகிறது. உடல் நிறை எண்ணுக்கு (பி.எம்.ஐ) மூலத்தில் அதிக எடைக்கு 25, உடற்பருமனுக்கு 30 என்று இருக்கிறது; இந்தியர்களுக்கு 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடற்பருமன். புகைபிடித்தலைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அது மாற்று அறுவை சிகிச்சையைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, பலவற்றில் குறைவாகவே தெரிகிறது. ஆனால் புண் ஆறுவதைக் கெடுக்கும், தொற்றைக் கூட்டும். ஆகவே 'அறுவை சிகிச்சைக்கு முன்' பகுதியில் வரட்டும். 'ஜவ்வு கிழிதல்' இருக்கட்டும், ஆனால் எந்த ஜவ்வு என்று சொல்லுங்கள். மூட்டுக்குள் இருக்கும் பிறைவடிவத் தட்டை முழுதாக எடுத்தவருக்குப் பிற்காலத்தில் தேய்வு வரும் வாய்ப்பு மிக அதிகம்.

மொழிபெயர்ப்பாளர்

நேரமில்லை. தலைப்பு: 'மூட்டு மாற்று தேவைப்படும் வாய்ப்பைக் கூட்டுபவை'. கீழே இரண்டு உட்தலைப்பு: 'நம்மால் மாற்றக்கூடியவை', 'மாற்ற முடியாதவை'. முழங்காலுக்கும் இடுப்புக்கும் தனித்தனிக் கட்டம். நம் சொற்பட்டியலான சொற்கோவையில் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதற்கு 'இடர்க்காரணி' என்று சேர்க்கிறேன். நால்வர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

சொற்கோவையில் 'இடர்நேர்வுக் காரணி'யையும் பக்கத்தில போடுங்கோ. இஞ்சத்தை வாசகர் அதைத்தான் தேடுவினம்.

தமிழாசிரியர்

பெரும்பான்மைக்கு நான் தடையில்லை. ஆனால் 'வாய்ப்பு' நன்மைக்கு உரிய சொல். நான் முதலில் சொன்ன 'நோய்நாடி' குறள் 'வாய்ப்பச் செயல்' என்று முடிகிறது. நோய் வருவதை வாய்ப்பு என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. 'ஊறு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.