பிகே வைரஸ்: வைரஸ் இருக்கும்போது மாத்திரையைக் குறைப்பது சரிதானா?

கேள்வி (மதுரை)
அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு எங்கள் அம்மா சிறுநீரகம் கொடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.1-இல் நிலையாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பிகே வைரஸ் மில்லி லிட்டருக்கு 14,000 என்று வந்ததும், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மைகோபீனோலேட் மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். வைரஸுக்கென்று மருந்து எதுவும் எழுதவில்லை. இதனால் உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடுமோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்)
தம்பி, மாத்திரையைக் குறைத்ததுதான் இதற்கான சிகிச்சை. பிகே வைரஸ் நம்மில் பெரும்பாலோரின் உடலில் சிறு வயதிலேயே புகுந்து, சிறுநீரகத்தில் அடங்கிக் கிடப்பது. கொடையாகப் பெற்ற சிறுநீரகத்தோடும் அது வரலாம் என்பதால், அம்மா தம்மை நொந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு நலமாக இருந்திருந்தாலும் இதைத் தவிர்த்திருக்க முடியாது. இந்த வைரஸை ஒழிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. அக்காவின் சொந்த எதிர்ப்பாற்றல்தான் அதை அடக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்கவே அளவைக் குறைக்கிறார்கள்.

கிரியேட்டினின் நன்றாக இருப்பதை மட்டும் நம்பக்கூடாது. வைரஸ் முதலில் சிறுநீரில் தென்படும், பிறகு இரத்தத்தில், அதன் பின்னரே சிறுநீரகத் திசுவைத் தாக்கும். கிரியேட்டினின் ஏறும் நாளில் சேதம் தொடங்கிவிட்டிருக்கும் என்பதால்தான், முதல் ஒன்பது மாதங்களுக்கு மாதந்தோறும், பிறகு இரண்டு ஆண்டு முடியும்வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இரத்தத்தில் வைரஸின் அளவைக் கணக்கிடும் பிசிஆர் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். 10,000-ஐத் தாண்டினால் திசு வரை போயிருக்கலாம் என்று கருதியே நடவடிக்கை எடுப்பார்கள். உங்கள் அக்காவுக்கு உரிய காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. எண்ணிக்கை இறங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். நிராகரிப்பு குறித்த உங்கள் அச்சமும் நியாயமானதே. அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மறுமொழி 2 (சிறுநீரகம் பெற்றவர், கோயம்புத்தூர்)
எனக்கு வந்தது சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) என்ற வேறொரு வைரஸ். அதற்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மாத்திரை உண்டு. ஆனால் அது வெள்ளணுக்களைக் குறைக்கும், சிறுநீரகம் வேலை செய்யும் அளவுக்கேற்ப அதன் அளவும் மாறும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் சாப்பிடக்கூடாது. இதைச் சொல்லக் காரணம், "எங்கள் வீட்டில் வைரஸுக்கு மாத்திரை கொடுத்தார்களே" என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். அவர்களுடையது வேறு வைரஸாக இருந்திருக்கும்.

மறுமொழி 3 (சிறுநீரகம் பெற்றவரின் கணவர்)
மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் நீங்களாக எதையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். முன்பே போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அந்த அளவு தாறுமாறாக ஏறும் என்பதால், உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின் போன்ற மாத்திரைகளும், கோவிட் வந்தால் தரப்படும் ரிட்டோனாவிர் கலந்த மருந்தும் டாக்ரோலிமஸை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், மாற்றுச் சிறுநீரகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரப் பரிசோதனையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.